மத்தியானத்து மூச்சு

கோல சிலாங்கூர்
3.8.2025

மருமகள் விஷாலினிக்கு மாமன் ஐயாவு எழுதுவது.

ஆறாம் வகுப்போடு பேனாவைக் கீழே வைத்தவன் நான். உன் கோபத்துக்காக மறுபடி எடுத்திருக்கிறேன். பிழை இருந்தால் பேனாவைத் திட்டு, என்னைத் திட்டாதே.

போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. போன மாதம் உன் அப்பாவின் முதல் வருஷத் திதிக்குத் தோட்டத்துக்கு வந்தவள், மாமன் முகத்தைப் பார்க்காமலே இலையை மடித்துவிட்டு எழுந்து போனாய். வீட்டுக்கு எழுதினால் என் தங்கச்சி திலகம் பிரித்துப் பார்த்துவிட்டு, அண்ணனுக்கும் மகளுக்கும் என்ன சண்டை என்று அழுவாள். அதனால்தான் செரண்டாவில் நீ வேலை செய்யும் ஃபேக்டரி விலாசத்துக்கு அனுப்புகிறேன்.

நான் என்ன குற்றம் செய்தேன், சொல். இந்தச் செம்பனைத் தோட்டத்தில் முதலுதவிக்காரன் என்றால், ஆட்களை மேய்க்கும் இந்த ஐயாவு மண்டோர் ஒருவன்தான். செம்பனை முள் கண்ணில் குத்தியவன், பாம்பு கடித்தவன், டிராக்டரில் கால் மாட்டியவன் என்று இருநூறு பேரைக் காப்பாற்றியிருக்கிறேன். கிராணி செல்லையா நாற்பது பேர் என்பார். ஆபீசுக்குள் கணக்கு எழுதிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு வெளியில் நடப்பது எப்படித் தெரியும்?

உன் அப்பா சிவானந்தத்துக்கு நான் செய்ததை ஊரே பேசுகிறது. செம்பனைக் குலை ஏற்றிய லோரியை எடை மேடையில் நிறுத்திவிட்டு இறங்கிய மனுஷன் அப்படியே சாய்ந்தார். அங்கே ஒரு ஈ காக்கை இல்லை. நான் ஒருவன்தான். மடியில் போட்டுக்கொண்டேன். அரை மணி நேரம் மூச்சு விட்டார். சாதாரண மூச்சா? சிங்கம் மாதிரி. எமனே இரண்டடி பின்னால் போயிருப்பான். அப்படிப்பட்ட ஆளை என் கையில் வைத்து அனுப்பினேன். அதற்கா இந்தக் கோபம்?

இன்னொரு விஷயம். இதை உன் அம்மாவிடம் சொல்லாதே. உன் அப்பா இங்கே வருகிறார். எடை மேடைக்குப் பக்கத்தில் என் முதலுதவி அறை இருக்கிறதே, அங்கேதான். மத்தியானம் பன்னிரண்டே முக்காலுக்கு, வெயில் தகரத்தில் ஏறி நிற்கும் நேரம், மருந்து அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு மூச்சு. கோணிச் சாக்கைச் சிமெண்டுத் தரையில் இழுத்தால் வருமே, அந்தச் சத்தம். ஒன்று. பிறகு ஒன்றும் இல்லை. சரி, போய்விட்டார் என்று நினைக்கும்போது இன்னொன்று. பங்களாதேஷ் வேலையாட்கள் அந்தப் பக்கமே வருவதில்லை. நான் பயப்படுகிறவனா? “யோவ் மச்சான், செத்தும் கொறட்டையா? எந்திரிச்சுப் போய்யா, லோரி நிக்குதுலா!” என்று ஒரு சத்தம் போட்டேன். நின்றுவிட்டது. பேய்க்கும் மண்டோர் மண்டோர்தான்.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

மாமன் ஐயாவு


செரண்டா
15.8.2025

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கேன்டீனில் வைத்து மூன்று முறை படித்தேன். போனில் பேசினால் சிரிக்க வைத்து மழுப்பிவிடுவீர்கள். எழுத்தில் இரண்டு பேருக்குமே தப்ப வழியில்லை. அதனால் நானும் எழுதுகிறேன்.

ஜூன் மாதம் கம்பெனி என்னை முதலுதவி கிளாசுக்கு அனுப்பியது. பயிற்சியாளர் சுகுமாரன் சார் முதல் நாள் மத்தியானம் ஒரு வீடியோ போட்டார். ஓர் ஆள் கீழே விழுகிறார். கை கால் கொஞ்ச நேரம் வெட்டி இழுக்கிறது. பிறகு வாயைத் திறந்து பெரிதாக ஒரு மூச்சு. நீண்ட இடைவெளி. இன்னொரு மூச்சு. சார் வீடியோவை நிறுத்திவிட்டு, “மூச்சு இருக்கா, இல்லையா?” என்று கேட்டார். எல்லாரும் இருக்கு என்றோம். நான்தான் முதலில் சொன்னேன்.

“இல்ல. இது மூச்சே இல்ல,” என்றார். “இதயம் நின்னு போச்சு. ஒடம்பு கடைசியா திணறுது, அவ்வளவுதான். இத மூச்சுன்னு நம்பி உக்காந்திருந்தா ஆள் போயிருவாரு. போன் அடிச்சிட்டு ஒடனே நெஞ்ச அமுக்கணும்.”

பக்கத்தில் இருந்த மாதவி எழுதிக்கொண்டாள். நான் பேனாவை மூடிவிட்டேன். 

மாமா, அந்தச் சிங்கக் கதையைச் சாவு வீட்டில் நீங்கள் சொன்னபோது நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அப்பா சும்மா போகவில்லை, போராடினார் என்று ஒரு வருஷம் அதைத்தான் நினைத்துக்கொண்டு தூங்கினேன். இப்போது அதே கதை வேறு மாதிரி கேட்கிறது. அரை மணி நேரம் மடியில் வைத்திருந்தீர்கள் என்றால், அரை மணி நேரம் நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை.

திதி அன்று உங்கள் அறைக்குள் போய்ப் பார்த்தேன். சட்டம் போட்டு மாட்டிய சர்ட்டிபிகேட்டில், முடிகிற தேதி இருக்கும் இடத்தில் முருகன் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. நகத்தால் கீறினேன். நவம்பர் 2021. அப்பா இறந்தது 2024 ஜூன் கடைசி.

ஒரே ஒரு கேள்வி. அப்பாவின் நெஞ்சை அமுக்கினீர்களா, இல்லையா?

விஷாலினி


கோல சிலாங்கூர்
24.8.2025

மருமகளுக்கு,

முருகனை நகத்தால் கீறியவளை இப்போதுதான் பார்க்கிறேன். அவருக்குக் கோபம் வந்தால் நான் பொறுப்பில்லை.

அந்தத் தேதியைப் பற்றிப் பேசுகிறாயே, கோவிட் வந்து உலகமே பூட்டிக் கிடந்த நேரம் அது. கிளாஸ் எங்கே நடந்தது? அந்த வருஷம் முடிந்தது காகிதம்தான். என் கை முடியவில்லை. சமையல்காரிக்குச் சர்ட்டிபிகேட் காலாவதியானால் குழம்பு கெட்டுப்போகுமா?

போன வருஷம் செப்டம்பரில், உன் அப்பா போய் மூன்று மாதத்தில், நிர்வாகம் என்னை டவுனில் கிளாசுக்கு அனுப்பியது. இருபத்தெட்டு பேரில் நான்தான் முதல். பயிற்சியாளர் என்னோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். “ஐயாவு, நீங்களே வந்து சொல்லிக் குடுங்க” என்று கும்பிட்டுக் கேட்டார். நான்தான் வேலை இருக்கிறது என்று மறுத்துவிட்டேன். புது சர்ட்டிபிகேட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். கரையான் பயத்தில் மாட்டவில்லை.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். வீடியோவில் வந்தது வெள்ளைக்காரன் மூச்சு. உன் அப்பா விட்டது மூச்சுதான். காதால் கேட்டவன் நான், நீயில்லை. இழுப்பு வந்தபோது லோரிச் சாவியைக் கையில் கொடுத்ததும் நான்தான். இரும்பு பட்டதும் நின்றது. அதற்குமேல் என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தேன். எல்லாம் நான்தான் செய்தேன், வேறு யாரும் இல்லை. எழுதி வைத்துக்கொள்.

இங்கே மழை. சத்தம் இந்த வாரம் தினமும் வருகிறது. சில நாள் நான் அதட்டுவதற்கு முன்னாலேயே இரண்டு தடவை வந்துவிடுகிறது. உன் அப்பாவுக்கு என் மேல் அவ்வளவு பாசம்.

மாமன்


செரண்டா
6.9.2025

மாமா,

கிராணி செல்லையா அங்கிளுக்குப் போன் செய்தேன். நீங்கள் போன கிளாஸ் பற்றிக் கேட்டேன். அவர் சிரித்தார். “ஒங்க மாமாவா? மத்தியானம் ஏதோ வீடியோ போட்டாங்களாம்மா. எந்திரிச்சு வெளிய போனவருதான். வேன் டிரைவர் ரெண்டு மணி நேரம் தேடி, கடைசியில பஸ் ஸ்டாண்ட்ல புடிச்சாரு. ‘பேதி’ன்னு சொன்னாரு. சர்ட்டிபிகேட் எங்கேருந்து வரும்?”

ஆக, அது மூச்சே இல்லை என்று உங்களுக்கும் தெரியும். போன செப்டம்பரிலிருந்தே தெரியும். தெரிந்தேதான் போன மாதம் எனக்குச் சிங்கம் என்று எழுதினீர்கள்.

நான் கோபமாக இருக்கிறேன் என்று சொல்வது போதாது. உங்கள் பெயர்தான் இன்னமும் அந்த அறைக் கதவில் இருக்கிறது. நாளைக்கு இன்னொருத்தர் அப்பா அங்கே விழுந்தால்?

நேற்று ஒரு முடிவெடுத்தேன். செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை, புக்கிட் பெருந்துங்கில், அப்பா போனபின் நாங்கள் குடிவந்த வீட்டுக்குப் பக்கத்துக் கோயில் மண்டபத்தில் சுகுமாரன் சார் ஒருநாள் கிளாஸ் நடத்துகிறார். அதே பாடம், அதே வீடியோ. அம்மாவின் பெயரைக் கொடுத்துவிட்டேன். அம்மாவுக்குச் சந்தோஷம். “ஒங்கப்பா போனப்பறம் இதெல்லாம் தெரிஞ்சுக்கணும்னு தோணுதுலா” என்கிறார். அம்மா அந்த வீடியோவைப் பார்க்கட்டும். பார்த்துவிட்டு, தன் புருஷனை என்ன செய்தீர்கள் என்று தன் அண்ணனைத் தானே கேட்கட்டும். அம்மாவிடம் உங்களால் மழுப்ப முடியாது.

விஷாலினி


கோல சிலாங்கூர்
17.9.2025

விஷா பாப்பா,

தபாலில் போட்டால் நாள் ஆகிவிடும் என்று லோரி ஓட்டும் தேவனிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் ஃபேக்டரி வழியாக ரவாங் பக்கம் போகிறான். உன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். படித்ததும் கிழித்துவிடு.

உன் அம்மாவை அங்கே கூட்டிப் போகாதே.

அன்றைக்கு நான் தனியாக இல்லை. உன் அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு திலகம் எடை மேடைக்கு வந்திருந்தாள். அவர் விழுந்ததைப் பார்த்து, தூக்குச்சட்டியைப் போட்டுவிட்டு எனக்கு முன்னால் ஓடினாள். கை கால் இழுத்தது. “வலிப்புண்ணே, வலிப்பு! இரும்பு வேணும்” என்று லோரிச் சாவியைப் பிடுங்கி அவர் கையில் திணித்தவள் அவள்தான். இழுப்பு நின்றது. நம் ஆட்களில் எத்தனை பேருக்கு அப்படிச் செய்திருக்கிறோம், நின்றுமிருக்கிறது. சாவியால்தான் நின்றது என்று அவள் நம்பினாள். நானும் நம்பினேன்.

அதற்கப்புறம் அந்த மூச்சு. அரை மணி நேரம் இல்லை. நாலு நிமிஷம், மிஞ்சிப்போனால் ஐந்து.

நான் மண்டி போட்டேன். இரண்டு கையையும் நெஞ்சில் வைத்தேன். ஏதோ சரியில்லை என்று தோன்றியது. மூன்று தடவை அமுக்கினேன். நாலாவதுக்கு உன் அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். “என்னண்ணே பண்றீங்க! மூச்சுதான் நல்லா வருதே, எலும்ப ஒடச்சிராதீங்க!” என்று கத்தினாள். எனக்கும், மூச்சு இருந்தால் அமுக்கக் கூடாது என்று 2018-இல் படித்தது பாதி ஞாபகம். எது மூச்சு, எது இல்லை என்பது மீதிப் பாதி. அது ஞாபகத்தில் இல்லை. அந்தப் பாடம் நடக்கும்போது பின்வரிசையில் கதை அடித்துக்கொண்டிருந்தேனோ என்னவோ. ஆறு வருஷம். நடுவில் ஒரு தடவை போய் உட்கார்ந்திருந்தால், தங்கச்சி என்றும் பார்க்காமல் தள்ளிவிட்டு அமுக்கியிருப்பேன். அப்போது எனக்கு உறுதி இல்லை, பாப்பா. அவளுக்கு உறுதி இருந்தது. அதனால் கையை எடுத்துவிட்டேன்.

அப்புறம் இரண்டு பேரும் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவள் முந்தானையால் விசிறினாள். ஒவ்வொரு மூச்சுக்கும், “ஆ, வருது பாருங்க, வருது பாருங்க” என்றாள். அம்புலன்ஸ் வர நாற்பது நிமிஷம் ஆனது.

சாவு வீட்டில் கதை சொன்னபோது அவளைக் கதையிலிருந்து எடுத்தேன். நல்ல எண்ணத்தில் இல்லை. நான் ஒருவன் மட்டும் இருந்தால் கதை நன்றாக இருந்தது, அவ்வளவுதான். அவளும் மறுத்துப் பேசவில்லை, மூலையில் கிடந்தாள். போன வருஷம் செப்டம்பரில் அந்த வீடியோவைப் பார்த்தபோதுதான், எடுத்தது எவ்வளவு நல்லது என்று தெரிந்தது. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து யோசித்தேன். இனிமேல் சாகும்வரை நான் தனியாகத்தான் இருந்தேன், சிங்கம் மாதிரிதான் மூச்சு விட்டார். அப்படியே இருக்கட்டும். அதனால்தான் உனக்கும் எழுதினேன். நீ படித்தவள், என்னைத் திட்டிவிட்டுப் போவாய் என்று நினைத்தேன். உன் அம்மாவைக் கூட்டிப் போவாய் என்று நினைக்கவில்லை.

சத்தத்தை அதட்டினால் நிற்கிறது என்றேன். அது பொய். நான் பேசிக்கொண்டிருக்கும்போது கேட்பதில்லை, அவ்வளவுதான். வாயை மூடினால் வருகிறது. இந்த ஐயாவு ஏன் இப்படி ஓயாமல் அளக்கிறான் என்று எல்லாரும் கேட்கிறார்கள். வேறென்ன செய்வது?

அவள் பெயர் இருக்கும் இடத்தில் என் பெயரைப் போடு. நான் வருகிறேன். இந்தத் தடவை பஸ் ஸ்டாண்டுக்குப் போக மாட்டேன்.

ஐயாவு


புக்கிட் பெருந்துங்
30.9.2025

மாமா,

இடம் நிறைந்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். “சரி, அடுத்த தடவை” என்றார். அடுத்த தடவையும் நிறைந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை கிளாசுக்கு வந்த உங்களை ஒரு வார்த்தை பேசாமல் அனுப்பியதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். என்னால் முடியவில்லை. வீடியோ ஓடும்போது உங்கள் பக்கம் திரும்பவில்லை. நாற்காலிச் சத்தம் கேட்கிறதா என்று மட்டும் கவனித்தேன். கேட்கவில்லை.

பொம்மையின் நெஞ்சை நீங்கள் அமுக்கியதைப் பார்த்தேன். இரண்டு நிமிஷம் ஆனதும் சார், “போதும் அங்கிள், ஆள் மாத்துங்க” என்றார். நீங்கள் நிறுத்தவில்லை. சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது. “அங்கிள், பொம்மைதான், உயிரோடதான் இருக்கு” என்று யாரோ சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள், கை நிற்காமலே. கடைசியில் அவர் உங்கள் தோளைத் தொட்டு எழுப்ப வேண்டியிருந்தது.

டீ நேரத்தில் சாரைத் தனியாகக் கேட்டேன். பெயர் சொல்லவில்லை, நடந்ததை மட்டும் சொன்னேன். அந்த ஐந்து நிமிஷமும் அமுக்கியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று. “யாராலயும் சொல்ல முடியாதும்மா. அம்புலன்ஸ் நாப்பது நிமிஷம்னா கஷ்டம். ஆனா அமுக்காம விட்டா வாய்ப்பே இல்ல,” என்றார். இரண்டில் எந்தப் பாதியை எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கும் அதை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

இப்போது எழுதுவது வேறு காரணத்துக்கு. அன்று சாயங்காலம் அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, “என்ன சொல்லிக் குடுத்தாங்க?” என்றார். கட்டுப் போடுவது, தீக்காயம் என்று ஏதோ சொன்னேன். இன்னொரு பிடி ஆய்ந்துவிட்டு, “மூச்சு விட்டுக்கிட்டு இருக்கிறவங்க நெஞ்ச அமுக்கலாம்னு சொன்னாங்களா?” என்று கேட்டார். கீரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். குளிக்கப் போகிறேன் என்று ஓடிவிட்டேன். நேற்று மறுபடி கேட்டார். “ஒங்கப்பா விட்டது நல்ல மூச்சுதானே?” என்றார். நான் போன் வந்தது போல் நடித்தேன்.

நாளைக்கும் கேட்பார். எனக்குப் பொய் வராது, மாமா. பாதியில் அழுதுவிடுவேன். நீங்கள் அளந்ததற்காக மூன்று மாதம் உங்களோடு பேசாமல் இருந்தவள் நான். இப்போது உங்களிடமே வந்து நிற்கிறேன். நான் என்ன சொல்ல வேண்டும்? எழுதிக் கொடுங்கள். நம்புகிற மாதிரி எழுதிக் கொடுங்கள்.

விஷா


கோல சிலாங்கூர்
8.10.2025

விஷா பாப்பாவுக்கு,

சர்ட்டிபிகேட் வந்துவிட்டது. 2028 செப்டம்பர் வரைக்கும் உன் மாமனை ஒருவனும் அசைக்க முடியாது. நிர்வாகி கை குலுக்கினார். செல்லையா இரண்டு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “உண்மையானதுதானா?” என்றார். அவரைத்தான் முதலில் உட்கார வைத்துப் பாடம் நடத்தப் போகிறேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். கவனமாகப் படி.

அவள் கேட்கும்வரை நீயாகப் பேச்சை எடுக்காதே. கேட்டதும் உடனே பதில் சொல்லாதே, பாத்திரம் கழுவிக்கொண்டிரு. பிறகு இப்படிச் சொல். சுகுமாரன் சாரை நீ தனியாகக் கேட்டாய். அவர் லேசுப்பட்டவர் இல்லை. இருபத்திரண்டு வருஷம் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தவர், தங்க ஃபிரேம் கண்ணாடி போட்டவர். கண்ணாடியை விட்டுவிடாதே. சும்மா ஒருத்தர் சொன்னார் என்றால் யார் நம்புவார்கள்? அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: “ஒங்கப்பாவுக்கு மூளையில நரம்பு வெடிச்சிருக்கும்மா. மொத இழுப்புலயே முடிஞ்சு போச்சு. அது நெஞ்ச அமுக்கிற கேசே இல்ல. அமுக்கியிருந்தா அவருக்கு வலிதான். அமுக்காம விட்டாங்களே, அது புண்ணியம்.” 

புண்ணியம் என்ற சொல்லைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்காதே. பார்த்தால் நீ அழுதுவிடுவாய். அழுதாலும் பரவாயில்லை, அப்பாவை நினைத்து அழுகிறாய் என்று எடுத்துக்கொள்வாள். பிறகு மூச்சைப் பற்றிக் கேட்பாள். “நல்ல மூச்சுதாம்மா, அதான் வலியில்லாம போனாரு” என்று சொல்லிவிட்டு எழுந்து விளக்கைப் போடு. அதற்குமேல் ஒரு வார்த்தை கூட்டாதே. கூட்டுவது என் வேலை.

ஏனென்றால் அவள் எனக்குப் போன் அடிப்பாள். நான் சொல்லிக்கொள்கிறேன். இது நெஞ்சு விவகாரம் இல்லை என்று எனக்கு அப்போதே சந்தேகம் இருந்தது, அதனால்தான் அவள் சொன்னதும் கையை எடுத்தேன் என்பேன். ஒரு தங்கச்சி சொன்னால் மட்டும் ஐயாவு மண்டோர் கேட்பானா என்பேன். அவள் சிரிப்பாள். சிரிக்க வைத்துவிட்டால் அப்புறம் கேட்க மாட்டாள், எனக்குத் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை நீயும் உன் சர்ட்டிபிகேட்டைப் புதுப்பித்துக்கொள். நான் எழுதிய இந்தக் கதையையும் மறக்காமல் ஒரே மாதிரி சொல். நாளைக்கு நான் இல்லாமல் போனாலும் மாற்றிச் சொல்லிவிடாதே.

நல்ல கதை, பாப்பா. இத்தனை வருஷம் அளந்ததில் இதுதான் பழுதில்லாதது. இன்று மத்தியானம் அந்த அறையில் தனியாக உட்கார்ந்து, எனக்கே ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். சுகுமாரன் சார் குரலில், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, புண்ணியம் என்ற இடத்தில் நிறுத்தி, எல்லாம் சரியாகத்தான் சொன்னேன். எடுபடவில்லை. கேட்கிறவன் அந்தக் கிளாசில் பாஸ் பண்ணியவனாக இருக்கிறான்.

மாமன் ஐயாவு